பதினோராவது குடுவை

அன்று காலை அணையின் அடிவாரத்து வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டில் தனியாகக் குடியிருந்த அக்கா. முதல் பேருந்தில் வந்து இறங்கிய அவளுடைய தம்பி, பள்ளித் தலைமை ஆசிரியர். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் பொறியாளர். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக வாசலில் நின்ற காவல்காரர். ஓயாமல் கொட்டாவி விடுவதால் அவரைக் கொட்டாவி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். இந்த நால்வரைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிறகு பலர் சொல்லிக்கொண்டார்கள். இருக்கவில்லை.

பொறியாளர் தேநீரைத் தொடவே இல்லை.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒன்பதாம் குழாயில தண்ணி ஒரே மாதிரி வராது. ஒரு நிமிஷம் கூட வரும், ஒரு நிமிஷம் குறைய வரும். காத்துக் குமிழி, மண்ணு, சுண்ணாம்பு, ஆயிரம் காரணம். காசைச் சுண்டிப் போட்டா தலையோ பூவோ விழற மாதிரிதான். அதுல ஒரு ஒழுங்கு இருக்கவே கூடாது.”

“இருக்கா?” என்றாள் அக்கா.

“உங்க அப்பா சொன்ன அளவுல இருக்கு. சும்மா பாத்தா தெரியாது. எல்லா வருஷத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பாத்தேன். மூணு குடுவை ஒரு துளி குறைச்சல், நாலாவது ஒரு துளி கூட. மறுபடி மூணு, மறுபடி ஒண்ணு. கடைசி வரைக்கும் அதேதான்.”

அணையின் வயிற்றுக்குள் நீளமாக ஒரு சுரங்கவழி போகிறது. அதைக் கேலரி என்பார்கள். சுவருக்குள் ஊறும் நீர் குழாய் குழாயாக அதற்குள் வந்து சொட்டும். ஒன்பதாம் குழாயின் அடியில் அளவுக் குடுவையைப் பிடித்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு நீர் சேர்கிறது என்று பார்ப்பதுதான் அப்பாவின் வேலை. காலையில் பத்துக் குடுவை. பத்து எண்களையும் தொலைபேசியில் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் பச்சைத் தண்ணீரே குடிப்பார். காய்ச்சலிலும் போனார். மனைவியைப் புதைத்த மறுநாளும் போனார். அவருக்குப் பிறகு அதே குடுவை மகளின் கைக்கு வந்தது.

“பத்துக் குடுவையில ரெண்டு சுத்து முடிஞ்சு மூணாவது பாதியில நிக்கும் இல்லையா?” என்றார் பொறியாளர், குரலைத் தாழ்த்தி. “மறுநாள் காலையில அந்தப் பாதியில இருந்து தொடங்குது. தண்ணி ராத்திரி முழுக்க ஓடுது. இவர் நேத்து எங்க நிறுத்தினார்னு அதுக்கு எப்படித் தெரியும்? மனுஷனுக்குத்தான் தெரியும். வீட்டுல உக்காந்து மனசுக்குத் தோணின எண்ணைச் சொன்னா, நம்மை அறியாம அதுல ஒரு தாளம் விழுந்துடும்.”

தம்பி எழுந்தார். “எங்கப்பா வீட்டுல உக்காந்து கதை கட்டினார்னு சொல்றீங்க.”

“நான் சொல்லலை, சார். அறிக்கையில ஒரு வரி வரும். ‘இந்த ஆண்டுகளின் அளவுகள் நம்பத்தகாதவை.’ அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்றார். இந்தக் குடும்பத்தில் கோபக்காரர்கள் உண்டு, பிடிவாதக்காரர்கள் உண்டு, வாய்த்துடுக்கால் கூடிவந்த சம்பந்தத்தை முறித்துக்கொண்டவர்களும் உண்டு. பொய்யன் என்று எவரும் விரல் நீட்டியது கிடையாது. பெரியவர் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். அதைத்தான் அந்தப் பெண் ஒரே வரியில் அழித்துவிடப் போவதாகச் சொன்னாள், மரியாதையாக, தலையைக் குனிந்துகொண்டு.

“இன்னொண்ணும் இருக்கு” என்றார் பொறியாளர். “உங்க அளவுலயும் அதே தாளம் இருக்கு அக்கா. அப்பா விட்ட இடத்துல இருந்து நீங்க தொடங்கியிருக்கீங்க. நாங்க மிஷின் மாட்டி ரெண்டு மாசம் ஆச்சு. அதுல ஒரு ஒழுங்கும் இல்லை. எப்படி இருக்கணுமோ அப்படி, கன்னாபின்னான்னு இருக்கு.”

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். மிஷின் வரும்வரை ஒரு நாள்கூட அவள் குடுவையைப் பிடிக்காமல் இருந்ததில்லை. ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. தம்பிக்கு அது நம்பிக்கை, பொறியாளருக்குச் சந்தேகம். உறுதியாகத் தெரிந்தது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான். தான் பொய் சொல்லவில்லை என்றால், நீர்தான் நேற்று விட்ட இடத்தை நினைவில் வைத்திருந்தது.

“மிஷின் அங்கேயே இருக்கட்டும்” என்றாள். “நான் மறுபடியும் பிடிக்கிறேன். பாருங்க.”

முதலில் எல்லோருமாகத்தான் போனார்கள். பொறியாளர் கடிகாரத்தைப் பிடிக்க, தம்பி விளக்கைப் பிடிக்க, அக்கா குடுவையைப் பிடித்தாள். நெடுநேரம் பிடித்தாள். எண்கள் மூட்டையிலிருந்து கொட்டிய நெல்லிக்காய்போல் திசைக்கு ஒன்றாக ஓடின. மூன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. வெளியே வந்தபோது தம்பியின் முகம் சுருங்கிப்போயிருந்தது.

“அப்பாவும் சரி நானும் சரி, எப்பவும் தனியாத்தான் போவோம்” என்றாள் அக்கா.

“ஆள் தனியா வந்ததா கூட்டமா வந்ததான்னு தண்ணிக்குத் தெரியுமாக்கா?” தம்பி எரிந்து விழுந்தார்.

“அப்படிச் சொல்லாதீங்க சார்” என்றார் கொட்டாவி. “எனக்கே எதிர்ல ஒருத்தர் வாயைத் திறந்தாத்தான் கொட்டாவி வரும். தண்ணிக்கும் அப்படி ஏதாவது இருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. பொறியாளர் மட்டும் அவரை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு, அக்கா தனியாகவே போகட்டும், தாங்கள் மூவரும் கேலரியின் வாசல் அறையில் இருந்து மிஷினின் திரையைப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரே நாளில் தெரிய வேண்டுமானால் பத்துக் குடுவை போதாது. ஒரு பகல் முழுக்கப் பிடிக்க வேண்டும்.

“பத்துக்கு மேல பிடிக்கலாமா? ஆபீஸ் விதி இருக்கே?” என்றாள் அக்கா.

“அப்படி ஒரு விதியும் இல்லையே. எத்தனை வேணும்னாலும் பிடிக்கலாம்.”

பத்து என்பது அலுவலகத்தின் விதி என்றுதான் இத்தனை ஆண்டும் நினைத்திருந்தாள். வேலை பழகிய நாட்களில் ஒருமுறை, ஒரு குடுவை தவறிக் கவிழ்ந்துவிட்டது; இன்னொன்று பிடிக்கிறேன் என்று அவள் குனிந்தபோது, அதட்டியே அறியாத அப்பா அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்து எழுப்பினார். விரல் தடம் மறுநாள்வரை இருந்தது. காரணம் கேட்டதற்கு, “பத்தாச்சுன்னா எழுந்துக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை அவள் தனியாக உள்ளே போனாள்.

கேலரிக்குள் பகல் கிடையாது. இரும்புக் கதவு பின்னால் மூடிக்கொண்டதும் ஈரச் சுண்ணாம்பும் துருவும் கலந்த வாசனை மூக்கை அடைக்கும். அந்த வாசனைக்கு அடியில், மழைக்கால அலமாரியைத் திறந்தால் வருவதுபோல, நெடுநாள் பூட்டிக் கிடந்த துணியின் வாசனை ஒன்றும் மெல்ல எழும். தலைக்கு மேல் கம்பிக்கூண்டுக்குள் மங்கலான பல்புகள், ஒன்றின் வெளிச்சம் முடிந்து அடுத்ததன் வெளிச்சம் தொடங்குமுன் கொஞ்சம் இருட்டு. அந்த இருட்டைக் கடக்கும்போதெல்லாம் காலடிச் சத்தம் ஒரு நொடி பின்தங்கி, வெளிச்சத்துக்கு வந்ததும் ஓடிவந்து சேர்ந்துகொள்வதுபோல் கேட்கும். சுவருக்கு அப்பால் ஒரு ஏரி முழுவதும் சாய்ந்து நிற்கிறது என்பதைக் காது மறந்தாலும் தோள் மறப்பதில்லை.

அவளுக்கு அங்கே பயம் இருந்ததில்லை. சொல்லப்போனால், அப்பா போன பிறகு, அவளுக்கென்று சத்தம் போட்ட ஒரே பொருள் அந்தக் குழாய்தான். வீட்டில் தட்டை வைத்தால் தட்டுச் சத்தம், நாற்காலியை இழுத்தால் நாற்காலிச் சத்தம். அவளாகச் செய்யாத சத்தம் எதுவும் அந்த வீட்டில் எழுவதில்லை. பத்து எண்களைத் தவிர வேறு எதையும் வாய்விட்டுச் சொல்லாத நாட்கள் பல. மிஷின் வந்த பிறகு அந்தப் பத்தும் போயிற்று. இரண்டு மாதம் கழித்து மறுபடி குழாயின் முன் அமர்ந்தபோது, வெட்கக்கேடுதான், ஊருக்குப் போயிருந்தவர் திரும்பி வந்தாற்போல் அவளுக்குக் கண் நிறைந்தது.

குடுவையை வைத்தாள். சொட்டத் தொடங்கியது.

சுவரில் மாட்டியிருந்த பழைய இண்டர்காமில் ஒவ்வொரு அளவையும் சொன்னாள். அந்தப் பக்கம் பொறியாளர், “ம்” கொட்டினார். பத்து முடிந்தது. பழக்கத்தில் எழுந்துவிட்டாள். பிறகு தன்னைத்தானே கடிந்துகொண்டு உட்கார்ந்தாள். பதினோராவது குடுவையை வைத்தபோது ஒன்றுமே நடக்கவில்லை. நீர் மட்டும் ஒரு நொடி தயங்கியது. அவ்வளவுதான், பேசிக்கொண்டிருந்தவர், கேட்பவர் இன்னும் போகவில்லை என்று கண்டு நிமிர்ந்து பார்ப்பதுபோல ஒரு தயக்கம்.

பிறகு ஒழுங்காகச் சொட்டியது.

மதியத்தை நெருங்கும்போது இண்டர்காமில் பொறியாளரின் குரல் மாறியிருந்தது. “அக்கா... தெரிய ஆரம்பிக்குது. மூணு, ஒண்ணு. மிஷினும் அதையேதான் காட்டுது. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே திரையில வந்துடுது.”

பின்னாலிருந்து தம்பி கத்தினார். “அப்பா பொய் சொல்லலைக்கா! அப்பா பொய் சொல்லலை!”

அக்கா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “அப்போ நான் வந்துடட்டுமா?”

பொறியாளர் தடுத்தார். “இன்னும் கொஞ்சம் வேணும் அக்கா. இப்ப விட்டா தற்செயல்னு சொல்லிடுவாங்க. எங்க மேலதிகாரி லேசுல நம்பற ஆள் இல்லை. மாலை வரைக்கும் இருந்தீங்கன்னா யாரும் வாயைத் திறக்க முடியாது.”

“இருக்கேன்.”

“அக்கா,” தம்பி கருவியை வாங்கிக்கொண்டார். “கூட யாரு?”

“யாரு இருக்கா? நான்தான்.”

“ரெண்டு பேர் மூச்சு விடற மாதிரி கேக்குது.”

“இண்டர்காம் பழசுடா. சாப்பிட்டியா?”

“நீ மூச்சு விடற சத்தம் தெரியும் எனக்கு. சின்ன வயசுல ஒரே பாயில படுத்தவங்க. இது வேற.”

அவள் கருவியை மாட்டிவிட்டு அசையாமல் இருந்தாள். கேட்டாள். சொட்டு. சொட்டு. அதற்கு அடியில், சுவருக்குள், மிகத் தாழ்வாக, ஒரு உரசல். மேசையை இழுக்கும் சத்தம் அல்ல. எலி அல்ல. கோணிப்பை ஒன்று மெல்ல உப்பி, மெல்லத் தளர்வதுபோல. உப்புவதற்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது.

மூன்று சிறியது. ஒன்று பெரியது.

அவளுக்கு இது தெரியும். இந்தத் தாளத்தை அவள் எண்களில் கேட்டதில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் கேட்டிருக்கிறாள். அப்பாவின் கடைசி வாரத்தில், கைவிரித்துவிட்ட மருத்துவர் வாசலிலேயே நின்று, “இப்படி மூச்சு விட்டு ஒரு ஆள் உயிரோட இருக்க முடியாதும்மா” என்றார். நினைத்து நினைத்து வரும் மூச்சு. மூன்று மேலோட்டமாக. பிறகு நெடிதாக ஒன்று. இடையே போய்விட்டார் என்றே தோன்றும். அந்த மூச்சு கிழவரின் மூச்சு இல்லை என்று இப்போது புரிந்தது. ஒரு நாளைக்குப் பத்துக் குடுவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குள் ஏறிய சுவரின் மூச்சு அது. அவர் அதை நாளைக்குப் பத்தாகவே நிறுத்தி வைத்திருந்தார்.

எழ வேண்டும் என்று நினைத்தாள்.

குடுவை நிறைந்தது. அளவைச் சொன்னாள். கவிழ்த்தாள். வைத்தாள்.

எழ வேண்டும். கதவு தூரமில்லை. ஆனால் இப்போது எழுந்தால் தற்செயல் என்பார்கள். அறிக்கையில் அந்த வரி நிற்கும். அப்பாவின் பெயர் இருக்கும் இடத்தில், அச்சில், எல்லாக் காலத்துக்கும். தம்பியின் பிள்ளைகள் படிப்பார்கள். கைவிரல்கள் விறைத்திருந்தன. மாலை வரைக்கும்தானே. ஒரு மாலை. அவர் ஒரு ஆயுளைக் கொடுத்தார்.

அப்போதுதான் அது தெரிந்தது.

அவள் மூச்சு விடவில்லை.

எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. நெஞ்சு கனக்கவில்லை. தலை சுற்றவில்லை. வெறுமனே, மூச்சு இல்லை. மறந்துபோன குடைபோல எங்கோ வைத்துவிட்டாள். வாயைத் திறந்து இழுத்தாள், காற்று வரவில்லை. உதடு திறந்தபடியே நின்றது. சுவர் உப்பியது, உப்பிக்கொண்டே போனது, அந்தக் குடுவை நிறையும்வரை உப்பியது. பிறகு அவள் மார்பு எழுந்தது. அவள் எழுப்பவில்லை.

இண்டர்காம் அடித்தது.

“அக்கா, அளவு சொல்லலையே?”

சொல்ல மூச்சு வேண்டும். காத்திருந்தாள். அடுத்த மூச்சு வந்தது. அதில் அளவு மட்டும் அடங்கியது. ‘வாங்க’ என்ற சொல்லுக்கு இடமில்லை.

“சரி அக்கா. அருமையா வருது. அப்படியே இருங்க.”

மூன்று சிறியது.

அடுத்த மூச்சில் ‘தம்பி’ என்று சொல்ல எண்ணினாள். உதடு எண்ணைச் சொன்னது.

ஒன்று பெரியது.

பல்பு மங்கியதா கண் மங்கியதா. இருட்டுக்கு அந்தப் பக்கம், பின்தங்கியிருந்த காலடி ஒன்று ஓடிவந்து சேர்ந்தது. அவள் நடக்கவில்லை. உட்கார்ந்துதான் இருந்தாள்.

சொட்டு.

குடுவை.

சொட்டு.

மாலையில் உள்ளே போன மூவரும் அவளை அதே இடத்தில் கண்டார்கள். முதுகு நிமிர்ந்திருந்தது, இந்தக் குடும்பத்தில் யாரும் கூன் போட்டு உட்காருவதில்லை. கண் திறந்திருந்தது. தம்பி அவள் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டு, “அக்கா! அக்கா!” என்று அலறினார். அவரும் கொட்டாவியுமாக அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பொறியாளர் விளக்கோடு முன்னால் ஓடினார். வழியின் முதல் வளைவைத் தாண்டவில்லை, பின்னால் சொட்டுச் சத்தம் நின்றது. கட்டிய நாளிலிருந்து நில்லாத சத்தம். அந்த அமைதியில் மூவரும் நின்றுவிட்டார்கள். விளக்கு எட்டிய தூரம் முழுக்கச் சுவர் வியர்த்தது. துளித்துளியாக, பிறகு பாய் விரித்தாற்போல். எங்கோ ஆழத்தில் கான்கிரீட் நெடிதாக ஒரு முறை முனகி, உள்ளே இழுத்ததை வெளியே விடாமல் நிறுத்திக்கொண்டது. தோளில் கிடந்த அக்காவின் முகம் நீலம் பாய்ந்தது.

“கொண்டுபோய் வைங்க” என்றார் பொறியாளர். “திரும்பக் கொண்டுபோய் வைங்க சார். கீழ ஊர் இருக்கு.”

வைத்தார்கள். கொட்டாவி குடுவையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

அறிக்கை வெளிவந்துவிட்டது. அதில் அந்த வரி இல்லை. பெரியவரின் அளவுகள் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை உண்மையானவை என்று முத்திரையோடு எழுதியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம்.

ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அக்கா அன்றைக்கே இறந்துவிட்டாள், குடும்பத்தார் வெளியே சொல்ல வெட்கப்பட்டுச் சவத்தைக் கேலரிக்குள் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்று. அது பொய். அவள் இறக்கவில்லை. தம்பி வாரம் தவறாமல் போய்த் தலை வாரிவிட்டு வருகிறார். எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவருகிறவர்களுக்கு எதுவும் தெரியாது. ஒரு முழு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். குடுவை நிறையும்போது மார்பு எழும். பிறகு அவளே அதைக் கவிழ்த்துவிட்டு மறுபடி பிடிப்பாள்.